ஏரிக்கரைக் கொலையும் ஜெர்மன் சிஸ்டரும்

ஒரு மனிதனுக்கு விஷம் வைப்பது, கழுத்தைக் கயிற்றால் இறுக்குவது, படகிலிருந்து தள்ளிவிடுவது எல்லாவற்றையும் ஜெர்மன் மொழியில் சொல்ல ஜெர்மன் சிஸ்டருக்குத் தெரியும். "உப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்கத் தெரியாது. மொழி படிக்கப் போனவள் வாசலில் நிற்காமல் நேராகப் பிணவறைக்குள் நுழைந்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அவள் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ், ஜெர்மன் படிக்கப் போய் ஜெர்மன் சிஸ்டர் ஆனவள். சிறுநீரகம் கையை விரித்துவிட்டவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே வந்து படுப்பார்கள். உடம்பில் ஓடும் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்கக் கூடாது. ரத்தம் வெளியே சுற்றிவிட்டு வருவதால் குளிரும். வெளியே வெயில் கொளுத்தினாலும் எல்லோரும் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருப்பார்கள். சுவரில் ஒரு டிவி உண்டு. அது எப்போதோ கண்ணை மூடிவிட்டது. புதிது வாங்கித் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னதோடு சரி.

நோயாளிகள் இரண்டு கூட்டம். ஒன்று திங்கள் கூட்டம், மற்றது செவ்வாய் கூட்டம். ஒரு கூட்டத்தின் முகம் இன்னொரு கூட்டத்துக்குத் தெரியாது. ஆனால் படுக்கை ஒன்றே என்பதால், ஒருவர் தலையணையில் விட்ட பள்ளத்தில் மறுநாள் இன்னொருவர் தலை வைப்பார். அதில் ஒரு வகை உறவு உண்டு என்று சிஸ்டர் நினைத்துக்கொள்வாள்.

அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் ஜெர்மனி ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். இவளுக்கும் ஆசை. மொழித் தேர்வு எழுதி, ஒருமுறை கோட்டை விட்டிருந்தாள். பாடப்புத்தகத்தில் ஒரு குடும்பம் இருந்தது. அது எப்போதும் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டுக்கொண்டே இருந்தது, போய்ச் சேர்ந்த பாடில்லை. அந்தக் குடும்பத்தைப் பார்த்தாலே சிஸ்டருக்குக் கொட்டாவி வந்தது. வகுப்பு எடுத்த டீச்சர் ஜெர்மனியில் பல வருஷம் குப்பை கொட்டியவர், நேரடியான ஆள்.

"அதை மூடி வை. கீழ வைக்க முடியாத புத்தகமா எடு. கொலைக் கதை படி. யார் கொன்னதுன்னு தெரிஞ்சாகணும்னு ஒரு வெறி வரும் பாரு, அந்த வெறியில இலக்கணமெல்லாம் தானா உள்ள இறங்கிடும். புரியாத இடத்துல நிக்காதே, தாண்டி ஓடு" என்றார்.

பழைய புத்தகக் கடையில் ஒரு கொலைக் கதை கிடைத்தது. ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். குளிர்காலம். படகுக் கொட்டகைக்காரர் ஒருவர் தன் கொட்டகையிலேயே செத்து மூன்று நாளாகக் கிடக்கிறார். விசாரிக்க வருவது ஒரு குண்டு இன்ஸ்பெக்டரம்மா, எந்த வீட்டுக்கு விசாரணைக்குப் போனாலும் சமையலறை வாசனையைத்தான் முதலில் பிடிப்பாள். சிஸ்டருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. முதல் அத்தியாயத்தில் கொலை எதுவும் இல்லை. லீவு நாளில் இன்ஸ்பெக்டரம்மா ஏரியைச் சுற்றி நடக்கிறாள், மரம், மேகம், காற்று என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஒரு வரிக்கு நான்கு சொல் தெரியவில்லை. டீச்சர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சிஸ்டர் ஒரே தாண்டாகத் தாண்டி நேராகப் பிணத்தின் மேல் போய்க் குதித்தாள். அதற்குப் பிறகும் எங்கே பனி பெய்தாலும், எங்கே ஏரி வந்தாலும், பக்கத்தைப் புரட்டிவிடுவாள். பேச்சும் விசாரணையும் போதும் அவளுக்கு.

சாப்பாட்டு நேரத்தில் அவள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததைச் செவ்வாய் கூட்டத்து இஸ்திரி அக்கா பார்த்துவிட்டாள். துணி தேய்க்கும் கடை வைத்திருந்தவள், வாய் ஓயாதவள்.

"என்ன சிஸ்டர், லவ் லெட்டரா? முகம் இப்படி மாறுது!"

"கொலை அக்கா."

"யாரை? யாரு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. எல்லோருக்கும் ஊசி ஏற்றி, ரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும் சிஸ்டர் படுக்கைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே, காலையில் பஸ்ஸில் படித்ததைத் தமிழில் சொல்லுவாள். முதல் நாள் திங்கள் கூட்டத்துக்கு, மறுநாள் அதே பங்கு செவ்வாய் கூட்டத்துக்கு. திங்கள் கூட்டத்தில் யாராவது மறுநாள் வந்து வாசலில் நின்று கதையைக் கசியவிட்டால் அவருக்கு ஒரு வாரம் கதை கிடையாது என்று சட்டம் போட்டாள். நல்ல கட்டத்தில் இயந்திரம் கீங் கீங் என்று கத்தும். மொத்தக் கூட்டமும் அதை முறைக்கும்.

அவளுடைய ஜெர்மனை வளர்த்தது உண்மையில் இந்த ஜனங்கள்தான். கத்தி எந்தக் கையில் இருந்தது? கதவு உள்ளே பூட்டியிருந்ததா, வெளியேவா? மருமகன் அப்போது ஏற்கெனவே கிளம்பிவிட்டானா, கிளம்பிக்கொண்டிருந்தானா? பதில் தெரியாமல் முழிப்பாள். திரும்பிப் போய் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்து, அவர்கள் அடுத்த முறை வரும்போது சொல்லியாக வேண்டும். எந்த வகுப்பிலும் அவளை யாரும் இப்படிப் பிழிந்தெடுத்ததில்லை.

பிழிந்தெடுப்பதில் முதல் ஆள் செவ்வாய் கூட்டத்து ஜன்னலோரப் படுக்கை டிக்கெட் மாமா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறவர்கள், மீதிப் பேர் தவறான பெட்டியில் ஏறியவர்கள் என்பது அவர் கட்சி. கதையில் அவர் சந்தேகப்படாத ஆளே இல்லை. சொத்துக்கு வாரிசான மருமகன், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர், ரொட்டிக் கடைக்காரி, கடைசியில் இன்ஸ்பெக்டரம்மாவையே சந்தேகப்பட்டார். ஒருவரை மட்டும் எல்லோரும் விட்டுவிட்டார்கள், அவர் ஊர் மாட்டு டாக்டர். கொலை நடந்த சாயங்காலம் முழுக்க எதிர்க்கரையில் கன்று ஈன முடியாமல் தவித்த பசுவோடு இருந்ததாகச் சொன்னவர். உறைந்த ஏரி மேலேயே நடந்து போய், நடந்தே திரும்பினாராம்.

"ஏரி மேல நடக்கறதா?" இஸ்திரி அக்கா வாயைப் பிளந்தாள்.

"குளிர்ல கல்லு மாதிரி ஆயிடுமாம் அக்கா. வண்டியே ஓட்டுவாங்களாம்."

"ஒரு மாட்டுக்காகவா? அந்த மனுஷன் தங்கம்!" என்று கூட்டமே அவருக்கு நற்சான்று கொடுத்தது.

சிஸ்டர் ஏரி வரும் பக்கங்களைத் தாண்டிப் போனதற்குத் தெரியாத சொற்கள் மட்டும் காரணம் இல்லை. அந்த அறையில் தண்ணீர் என்பது கெட்ட வார்த்தை. சிறுநீர் பிரியாத உடம்புக்குள் போகும் தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. நெஞ்சில் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்க வேண்டும். வந்ததும் எடை மேடையில் ஏற்றுவார்கள். போன தடவையைவிடக் கூடியிருந்தால் அத்தனையும் குடித்த தண்ணீர், யாரிடமும் மறைக்க முடியாது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி கனவில் குழாய் வரும். பார்க்க வருகிறவர்கள்கூட அங்கே பாட்டிலைத் திறக்கத் தயங்குவார்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் நின்று அலை, மழை, ஏரி என்று வர்ணிப்பது பாவம் என்று அவளுக்குத் தோன்றியது.

கதை பாதிக்கு மேல் போயிருந்த ஒரு நாள், டிக்கெட் மாமாவின் கையில் ஊசியை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

"சிஸ்டர், இந்தக் கொலைகாரன் யாருன்னு தெரியற வரைக்கும் வரேன். அதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்."

"எதை மாமா?"

"இதைத்தான்." இயந்திரத்தைக் கண்ணால் காட்டினார். "போதும்மா. தாகமா இருக்கு. வருஷக்கணக்கா தாகமா இருக்கு. ஒரு செம்பு தண்ணி நிறுத்தாம குடிச்சுட்டுப் போயிடலாம்னு தோணுது."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் ஆறுதல் சொல்லத் தெரியும். மனிதர் அடுத்த நிலையத்தில் இறங்குவதைப் பற்றிப் பேசுகிறவர்போலச் சொன்னார். சிஸ்டர் ஒட்டிய பட்டையின் மேலேயே இன்னொரு பட்டையை ஒட்டினாள்.

தலைமை டாக்டரிடம் ஓடினாள். அவர் முன்பே இரண்டு முறை மாமாவோடு உட்கார்ந்து பேசியிருந்தார். மனநல டாக்டரும் பேசியிருந்தார்.

"குழம்பிப் போய்ச் சொல்லலைம்மா, தெளிவாத்தான் சொல்றார். அவர் உடம்பு, அவர் முடிவு. நாம கதவைத் திறந்தே வெச்சிருப்போம். நீ எப்பவும்போல இரு" என்றார் டாக்டர். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எப்பவும்போல எப்படி இருப்பது? வாசலில் மாமாவின் தங்கை பிடித்துக்கொண்டாள். மாமாவுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அந்தத் தங்கை வீட்டில்தான் இருந்தார்.

"அண்ணன் என்கிட்டயும் சொல்லிடுச்சு சிஸ்டர். நான் சண்டை போட்டுப் பார்த்துட்டேன். அது ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். நீ அந்தக் கதையை மட்டும் முடிச்சுடாதே தாயி. இழு. எப்படியாவது இழு."

மீதி இருந்த அத்தியாயங்களை விரலால் தடவிப் பார்த்தாள் சிஸ்டர். கொஞ்சம்தான். புதிதாக ஒரு கொலையைத் தானே சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். டிக்கெட் மாமாவிடம் போலி டிக்கெட் செல்லாது, ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார். அப்போதுதான் தாண்டி வந்த பக்கங்கள் ஞாபகத்துக்கு வந்தன. முதல் அத்தியாயம் அப்படியே கிடக்கிறதே! ஒவ்வொரு அத்தியாயத்திலும் பனியும் மேகமும் தொடப்படாமல் கிடக்கின்றனவே! தண்ணீர் என்று பார்த்தால் பாவம். கதையை முடித்தால் அதைவிடப் பெரிய பாவம். முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் வரிக்கே மூச்சு வாங்கியது. ஒரு சொல்லை அகராதியில் தேடினாள், இன்னொன்று, இன்னொன்று. நாணல் என்று ஒரு சொல். கூரை விளிம்பிலிருந்து சொட்டுவதற்கு என்றே ஒரு சொல். பாதி உருகி, பாதி உறைந்து, மிதித்தால் சளக் என்னும் பனிக்குத் தனியாக ஒரு சொல். மறுநாள் அதே பக்கத்தை மறுபடியும் படித்தாள். அதற்கு மறுநாளும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, போனைக் கையில் எடுக்கவே இல்லை என்பதைக் கவனித்தாள். பக்கத்து ஸீட்டுப் பெண்மணி ஜன்னலை மூடச் சொல்லியும் காதில் விழவில்லை. எழுத்து மறைந்துபோய் ஏரி தெரிந்தது. கரையோரம் கறுத்து, நடுவில் வெளுத்து, மூச்சுவிடாமல் கிடந்தது. வியர்வை வழியும் பஸ்ஸில் அவளுக்கு முழங்கை மயிர் சிலிர்த்தது. ஒரு ஜெர்மன் சொல்லைத் தமிழ்ச் சொல்லாக மாற்றாமலேயே அதன் குளிர் உடம்பில் ஏறுமா? ஏறியது. தான் படித்தது ஜெர்மனில் என்பதே இறங்க வேண்டிய இடம் வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் பஸ் ஒரு நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் ஊசி ஏற்றி முடிந்ததும் அவள் குரலைச் செருமிக்கொண்டாள். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். கதையில நிறைய இடத்தை விட்டுட்டேன். ஊரு, மழை, பனி, அந்த ஏரி எல்லாம். புரியலைன்னு தாண்டிட்டேன். இப்ப முதல்லேர்ந்து விட்டதையெல்லாம் சொல்லப்போறேன். வேண்டாம்னா சொல்லிடுங்க."

"கொலைகாரனைப் பிடிக்கறதை விட்டுட்டு மழையா?" என்று இஸ்திரி அக்கா முனகினாள்.

"சொல்லட்டும்" என்றார் டிக்கெட் மாமா. "நானே கேக்கணும்னு இருந்தேன். அவ்வளவு குளிர் ஊர்ல யாருமே குளிரைப் பத்திப் பேசலையேன்னு."

சொன்னாள். லீவு நாள் மத்தியானம், பிணம் கிடைப்பதற்கு மூன்று நாள் முன்பு. ரொம்ப நாள் கழித்துத் தெற்கிலிருந்து இதமான காற்று. கூரையெல்லாம் சொட்டுகிறது. பாதையோரம் சின்னச் சின்னதாகத் தண்ணீர் ஓடுகிறது, எங்கே போவதென்று தெரியாத பிள்ளைகள்போல. ஏரியின் நடுவில் இன்னும் வெள்ளை. ஆனால் கரையோரம் சுற்றிலும் பனிக்கட்டி கறுத்து விரிசல் விட்டிருக்கிறது. நாணல் பக்கம் அது முழுக்கக் கரைந்து, வாத்துகள் நீந்துகின்றன. ஒரு வாத்து தலையை உள்ளே விட்டு எடுக்கிறது. அதன் முதுகிலிருந்து தண்ணீர் முத்து முத்தாக வழிகிறது. இன்ஸ்பெக்டரம்மா குனிந்து கையுறையைக் கழற்றி விரலை அந்தத் தண்ணீரில் வைக்கிறாள்.

அந்த இடத்தில் சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். யாராவது கத்தப்போகிறார்கள் என்று நினைத்தாள். யாரும் கத்தவில்லை. இஸ்திரி அக்கா கண்ணை மூடியிருந்தாள், அவள் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. கடைசிப் படுக்கைக் கணக்கு வாத்தியார் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். இயந்திரங்கள் மட்டும் சீராகச் சுற்றின. தாகத்தில் கிடந்தவர்கள் ஒரு பெரிய ஏரியைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு சொட்டுக்கும் கை நீட்டாமல் கிடந்தார்கள். சிஸ்டருக்கு அந்த அறையில் செருப்போடு நிற்கக் கூச்சமாக இருந்தது.

"விரலை வெச்சா? அப்புறம்?" டிக்கெட் மாமாவின் குரல் கரகரத்தது. "மெதுவா சொல்லும்மா. அந்தத் தண்ணி எப்படி இருந்ததாம்?"

"முதல்ல சுட்டுதாம் மாமா. அவ்வளவு குளிர்ச்சி. அப்புறம் விரலே தெரியலையாம்."

"இன்னொரு தடவை சொல்லு. வாத்துலேர்ந்து சொல்லு."

வாத்திலிருந்து சொன்னாள். திங்கள் கூட்டத்துக்கு நேற்று சொன்னபோது யாரும் திரும்பக் கேட்கவில்லை. இங்கே மூன்று தடவை கேட்டார்கள்.

அதற்குப் பிறகு கதை நத்தையாக நகர்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். பனி பெய்வதில் எத்தனை வகை என்று அந்த எழுத்தாளருக்குத் தெரியும்போல. இறகு இறகாகப் பெய்வது, அரிசி அரிசியாகப் பெய்வது, பெய்கிறதா இல்லையா என்று தெரியாமல் பெய்வது. ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்து, தமிழில் எப்படிச் சொன்னால் இவர்கள் மேல் அது விழும் என்று யோசித்து யோசித்தே சிஸ்டர் ஜெர்மனுக்குள் கழுத்துவரை இறங்கிவிட்டாள். கம்பளிக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டே பனியைக் கேட்டார்கள். வெளியே வெயில் ஜன்னல் கண்ணாடியைச் சுட்டது. வீட்டில் அண்ணன் இப்போதெல்லாம் ஏரியைப் பற்றியே பேசுகிறது என்று தங்கை வந்து சொன்னாள். நாக்கு வறளும்போது கண்ணை மூடி அந்தக் கரையில் உட்கார்ந்துகொள்வாராம்.

நடுவில் தேர்வு வந்தது. வாய்மொழித் தேர்வில் ஒரு படத்தை நீட்டி, இதைப் பற்றிப் பேசு என்றார்கள். படத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. உப்புக்கு என்ன சொல் என்று இன்னும் தெரியாது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே மழை. சிஸ்டர் மழையைப் பிடித்துக்கொண்டாள். நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டிய அம்மாள் அதைச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் தேறிவிட்டாள். வேலை உத்தரவு, விசா என்று கிளம்ப ஒரு வருஷத்துக்குக் குறையாமல் இழுக்கும். அதைக் கேட்டபோது நிம்மதிதான் முதலில் வந்தது.

பிரிவில் எல்லோரும் கைதட்டினார்கள், ஒரு கை ஊசியில் கட்டுண்டிருந்ததால் மறு கையால் கட்டிலைத் தட்டினார்கள். தட்டி முடித்த கையோடு கலகமும் வந்தது.

"சிஸ்டர், உங்க பரீட்சையும் முடிஞ்சுது. இனியாவது கொலைகாரனைக் காட்டுங்க. நான் செத்து அவன் உயிரோட இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கணக்கு வாத்தியார் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதது சிஸ்டர் மட்டும். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பக்கத்தில் படுத்திருப்பவர் அடுத்த முறை வருவாரா என்பது அந்த அறையில் யாருக்கும் நிச்சயம் இல்லை. ஒருவரைப் பிடித்து வைப்பதற்காக மற்றவர்களைக் காக்க வைப்பது எந்த ஊர் தர்மம்? பனியும் தீர்ந்துவிட்டது. மேகம்கூட மிச்சம் இல்லை. கடைசி அத்தியாயம் மட்டும் இருந்தது.

பஸ்ஸில் அதைப் படித்தாள். படித்து முடித்ததும் முதல் அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

மறுநாள் கதையைச் சொன்னாள். படகுக் கொட்டகைக்காரரைக் கொன்றது மாட்டு டாக்டர். பிணம் கண்டெடுக்கப்பட்டது மூன்று நாள் கழித்து. அதற்குள் குளிர் திரும்பி, ஏரி மறுபடி கல்லாகிவிட்டது. ஊரே அதன்மேல் சறுக்கி விளையாடியது. அதனால், ஏரி மேல் நடந்து போனேன் என்று அவர் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் கொலை நடந்தது இன்ஸ்பெக்டரம்மாவின் அந்த லீவு நாள் சாயங்காலம்தான், அன்று கரையோரப் பனி கரைந்திருந்தது. வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. அன்று அந்த ஏரியில் கால் வைத்திருந்தால் முதல் அடியிலேயே உள்ளே போயிருப்பார். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அந்த லீவு நாள் நடை கடைசியில்தான் ஞாபகம் வருகிறது.

"அடப்பாவி! தங்கம்னு சொன்னேனே!" இஸ்திரி அக்கா தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள், ஊசிக் கை என்பது ஞாபகம் வந்து இன்னொரு கையால் அடித்துக்கொண்டாள். "அந்த வாத்தை மூணு தடவை கேட்டோமே, ஒருத்தருக்கும் தோணலையே!"

"எனக்குத் தோணுச்சு" என்றார் டிக்கெட் மாமா.

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"எங்கே ஏறினேன்னு எவன் வேணாலும் பொய் சொல்லலாம். வழியில என்ன பார்த்தேன்னு பொய் சொல்றது கஷ்டம். வாத்து நீந்தற ஏரியில மனுஷன் எப்படி நடப்பான்? அன்னைக்கே முடிஞ்சுபோச்சு அவன் கதை."

"தெரிஞ்சும் சொல்லலையா மாமா? எத்தனை வாரமா நாங்க மண்டையை உடைச்சுக்கறோம்!" கணக்கு வாத்தியாருக்குக் கோபமே வந்துவிட்டது.

மாமா கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டார். சிஸ்டர் அவர் கட்டிலருகே போய் நின்றாள். ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் குனிந்தாள். யார் கொன்றது என்று தெரிகிறவரைதான் வருவேன் என்றவர், தெரிந்த பிறகும் செவ்வாய், வியாழன், சனி என்று தவறாமல் வந்து கையை நீட்டியிருக்கிறார். அவள் பக்கம் பக்கமாக இழுத்ததெல்லாம் எதைத் தடுப்பதற்காகவோ, அது ஏரியைச் சொன்ன முதல் நாளிலேயே நடந்து முடிந்திருந்தது. தான் ஒரு மனிதரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவரை யாரும் பிடிக்கவில்லை. அவரே வந்துகொண்டிருந்தார்.

"அப்ப ஏன் மாமா வந்தீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் தரையில் தீயாக அடித்துக்கொண்டிருந்தது.

"நீ அந்த ஏரிகிட்ட நின்னு சொல்லும்போது நானும் அங்கதான் இருந்தேன். குடிக்கலை, ஒண்ணும் பண்ணலை. சும்மா பக்கத்துல இருந்தேன். அது போதுமா இருந்துச்சு. ஏன்னு எனக்கே தெரியலைம்மா."

அவளுக்கும் தெரியவில்லை. அவளைப் பொறுத்தவரை, இதுவரை அவள் படித்த எந்தக் கதையிலும் இவ்வளவு பெரிய மர்மம் இருந்ததில்லை. இயந்திரம் நேரம் முடிந்தது என்று ஒலித்தது. குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தை அவர் உடம்புக்குள் திருப்பி அனுப்பி, ஊசிகளை எடுத்து, இரண்டு இடத்திலும் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த முறை வருவீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒரு பதில் சொல்லிவிடுவார், சொன்னால் சொன்னதுதான். வாசலில் அவர் தங்கை பையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

டிக்கெட் மாமா கம்பளியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். செருப்பைக் காலால் துழாவினார். ஏதோ கணக்குத் தவறிப்போனவர்போல நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, அவ்வளவு பெரிய ஏரி. அந்தக் கரையில வேற யாருமே சாகலையா?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று பக்கத்தில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை.

"அந்த இன்ஸ்பெக்டரம்மா இன்னும் ரிட்டயர் ஆகலை மாமா" என்றாள்.